பூச்சி மாத்திரையும் சவலைப் பிள்ளையும்

பிள்ளை தேறவில்லை என்றால் வயிற்றில் பூச்சி இருக்கிறது என்பது தமிழ் வீடுகளில் தொன்றுதொட்டு வழங்கிவரும் தீர்ப்பு. அந்தக் காலத்தில் வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக் கொடுத்தார்கள். அவ்வப்போது விளக்கெண்ணெய் ஊற்றிப் பேதிக்கு விட்டார்கள். மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப்ஹில் பகுதிகளில் குடியேறிவிட்ட குடும்பங்களில் விளக்கெண்ணெய் ஏறக்குறைய மறைந்துவிட்டது. தீர்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஊரிலிருந்து வந்த ஆச்சி பேரனின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பூச்சிக்குக் கொடுத்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறார். தெருமுனை மருந்துக் கடையில் மாத்திரை கிடைக்கிறது. விலையும் சொற்பம்.

அரசாங்கமும் இந்தத் தீர்ப்பின்மீது தன் முத்திரையைக் குத்தியிருக்கிறது. தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று 2015-ல் தொடங்கிய திட்டத்தின்படி, 1 வயது முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. மகாராஷ்டிரத்தில் இதை 'ஜந்தநாஷக் தின்' என்கிறார்கள். மாத்திரை போட்டால் இரத்தசோகை குறையும், தின்பது உடம்பில் ஒட்டும், படிப்பில் கவனம் வரும் என்பது பிரசாரம். பூச்சியை ஒழிக்க மாத்திரை கொடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை. ஆனால் மெலிந்த பிள்ளை இந்த மாத்திரையால் தேறுமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு உலகத்திலேயே மிகப் பெரிய அளவில் விடை தேடிய நாடு இந்தியா என்பதும், கிடைத்த விடை என்ன என்பதும் பிரசாரச் சுவரொட்டிகளில் இடம்பெறுவதில்லை.

விடை தேடிய இடம் உத்தரப் பிரதேசம். லக்னோ மருத்துவக் கல்லூரியின் குழந்தை மருத்துவர் ஷாலி அவஸ்தி, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பீட்டோ ஆகியோர் இதில் முன்னின்றவர்கள். முதலில் லக்னோ நகரத்துச் சேரிகளில் ஆராய்ந்தார்கள். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்பெண்டசோல் கொடுத்து, இரண்டு ஆண்டுகள் கழித்து எடை பார்த்தபோது, மாத்திரை கிடைத்த சேரிப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒரு கிலோ கூடுதலாக எடை ஏறியிருந்தார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு கிலோ என்பது சாமானியம் அல்ல. ஆண்டுக்கு இரண்டு மாத்திரையில் இந்தியாவின் சவலைப் பிள்ளைகள் அத்தனை பேரையும் தேற்றிவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

ஆனால் சேரி ஆராய்ச்சி சிறியது. மருந்து கொடுத்ததும் எடை பார்த்ததும் எல்லோருக்கும் தெரிந்தே நடந்தவை. ஆகவே அதே ஆராய்ச்சியாளர்கள் பெரிதாக ஒன்றைச் செய்து பார்த்தார்கள். 1999-ல் தொடங்கி ஐந்து ஆண்டுகள், உத்தரப் பிரதேசத்தின் 7 மாவட்டங்களில் 72 வட்டாரங்கள், 8,338 அங்கன்வாடிகள், 1 வயது முதல் 6 வயது வரையுள்ள ஏறத்தாழ 10 லட்சம் பிள்ளைகள். வட்டாரங்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பாதியில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் கொடுத்தார்கள், மறுபாதியில் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் வெளியூர் டாக்டர்கள் அல்ல, அந்தந்த ஊர் அங்கன்வாடி ஊழியர்களே. நூற்றுக்கு 86 தவணைகள் பிள்ளைகளைச் சென்றடைந்தன என்று மதிப்பிட்டார்கள். அரசாங்கத் திட்டம் ஒன்று கிராமத்தில் இவ்வளவு ஒழுங்காக நடப்பதே அபூர்வம்.

முடிவு 2013-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. மாத்திரை கொடுத்த ஊர்களில் பூச்சி குறைந்திருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எடையில் குறிப்பிடும்படியான வித்தியாசம் எதுவும் காணப்படவில்லை. ஐந்து ஆண்டுகளில் அங்கன்வாடி ஒன்றுக்கு நிகழ்ந்த குழந்தை மரணங்கள் மாத்திரை கொடுத்த பகுதியில் 3.00, கொடுக்காத பகுதியில் 3.16. இந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதுதான் கணக்கு. சேரியில் கண்ட ஒரு கிலோ கிராமத்தில் காணாமற் போயிற்று.

களப்பணி முடிந்து முடிவு வெளிவர ஒன்பது ஆண்டுகள் ஆனதை அப்போதே பலர் குறை கூறினார்கள். அது நியாயமான குறையே. என்றாலும், தாங்கள் நம்பிய ஒன்று பலிக்கவில்லை என்பதை மறைக்காமல் அச்சேற்றியதற்காக அந்த ஆராய்ச்சியாளர்களைப் பாராட்டத்தான் வேண்டும். விசித்திரம் என்னவென்றால், அது வெளிவந்து இரண்டே ஆண்டுகளில் நாடு தழுவிய மாத்திரைத் திட்டம் தொடங்கியது. அதன் பிரசாரத்தில் ஊட்டச்சத்துதான் முன்வரிசையில் நின்றது.

இதற்கு மறுப்பும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் அந்தப் பகுதிகளில் பூச்சியின் பாரம் லேசானது, பாரம் மிகுந்த இடங்களில் பலன் தெரியும் என்கிறார்கள் சில நிபுணர்கள். கென்யாவில் புசியா மாவட்டத்தின் 75 பள்ளிகளில் நடந்த ஆராய்ச்சியில், மாத்திரை கொடுத்த பள்ளிகளில் மாணவர் வராமை நாலில் ஒரு பங்கு குறைந்தது என்று 2004-ல் எட்வர்ட் மிகேல், மைக்கேல் கிரேமர் இருவரும் எழுதினார்கள். கிரேமருக்குப் பின்னர் 2019-ல் நோபல் பரிசும் கிடைத்தது. அவர்களுடைய கணக்கை 2015-ல் வேறு சிலர் திரும்பப் போட்டுப் பார்த்துத் தகராறு செய்தார்கள். மருத்துவ ஆராய்ச்சிகளைத் திரட்டி எடை போடும் காக்ரேன் அமைப்பு 2015-லும் 2019-லும் சொன்னது ஒன்றே: ஊரார் பிள்ளைகள் எல்லோருக்கும் மொத்தமாகப் பூச்சி மருந்து கொடுப்பதால் சராசரி எடையோ உயரமோ இரத்தச் சத்தோ கூடுவதாகத் தெரியவில்லை. பரிசோதித்துப் பூச்சி இருப்பதாகத் தெரிந்த பிள்ளைக்கு மருந்து கொடுப்பது வேறு விஷயம். அதற்குப் பலன் இருக்கலாம். பள்ளிக்கு வருவது பெரிய பிள்ளைகளின் விவகாரம். கைக்குழந்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஏன் பலிக்கவில்லை என்பதை யோசித்தால் அவ்வளவு ஆச்சரியம் இல்லை. அல்பெண்டசோல் 1970-களில் ஆடுமாடுகளுக்காகக் கண்டுபிடித்த மருந்து. 1980-களில் மனிதருக்கு வந்தது. குடலில் இருக்கும் புழு சர்க்கரையை உறிஞ்ச முடியாதபடி செய்து அதைப் பட்டினி போட்டுக் கொல்கிறது. நாக்குப்பூச்சிக்கு நன்றாகக் கேட்கும், கொக்கிப்புழுவுக்கும் கேட்கும், சாட்டைப்புழுவுக்கு ஒரு மாத்திரை சரியாகக் கேட்பதில்லை. கொக்கிப்புழு பொல்லாதது. செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து ஏறி, குடலைக் கவ்விக்கொண்டு, ஒரு சாதிப் புழு ஒன்றுக்கு நாளொன்றுக்குக் கால் மில்லி லிட்டருக்குச் சற்றுக் குறைவாக இரத்தம் குடிக்கும். நூறு புழு இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வயலில் வேலை செய்யும் பெண்ணுக்கும் பள்ளி வயதுப் பையனுக்கும் இது இரத்தசோகையைத் தரும். அவர்களுக்கு மாத்திரை மிகவும் அவசியம். கருவுற்ற பெண்ணின் இரத்தசோகை வயிற்றுப் பிள்ளையின் எடையையும் குறைக்கும் என்பதால், முதல் மூன்று மாதம் கழிந்தபின் டாக்டர் சொற்படி அவருக்கும் பூச்சி மருந்து தரப்படுகிறது.

தொட்டில் பிள்ளையின் கதை வேறு. நாக்குப்பூச்சியின் முட்டை மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்தால்தான் தொற்றும் பக்குவம் அடையும். அது வாய்வழியாக உள்ளே போய், புழுவாகி, முட்டையிடும் பருவம் அடைய இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆறேழு மாதத்துப் பிள்ளை அப்போதுதான் தரையில் தவழத் தொடங்குகிறது. அதன் வயிற்றில் பூச்சி சேர்ந்து அதனால் அது மெலிந்தது என்பதற்குக் கால அவகாசமே இல்லை. அரசாங்கத் திட்டத்திலும் ஒரு வயது நிறையாத பிள்ளைக்கு இந்த மாத்திரை கிடையாது. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை அரை மாத்திரைதான். அதையும் இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்துப் பொடியாக்கித் தண்ணீரில் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். காய்ச்சலோ வேறு நோயோ கண்டிருக்கும் பிள்ளைக்கு அன்று கொடுப்பதில்லை. மருந்துக் கடையில் வாங்கி எட்டு மாதத்துப் பிள்ளைக்கு முழு மாத்திரை ஊட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புழு இல்லாமலேயே குடல் கெடுவதும் உண்டு. அசுத்தமான இடத்தில் வளரும் பிள்ளையின் குடல் உட்சுவர் கிருமிகளால் ஓயாமல் அரிக்கப்பட்டுத் தேய்ந்து, தின்றதை உறிஞ்சும் சக்தி குறைகிறது. இதற்கும் அல்பெண்டசோல் உதவுமா என்று மலாவி நாட்டில் 1 முதல் 3 வயதுப் பிள்ளைகளிடம் சோதித்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். குடல் மேலும் மோசமாவது சற்றுத் தடைப்பட்டது என்றார்கள். குடல் சோதனையில் சற்று நல்ல எண் என்பது பிள்ளை வளர்ந்ததாகாது. சரி, கக்கூஸ், குழாய்த் தண்ணீர், சோப்பு எல்லாம் கொடுத்தாலாவது வளருமா என்று வங்காள தேசத்திலும் கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் பார்த்தார்கள். 2018, 2019-ல் வந்த அந்த முடிவுகளிலும் சுத்தத்தால் மட்டும் பிள்ளைகளின் உயரம் கூடவில்லை. வங்காள தேசத்திலும் ஜிம்பாப்வேயிலும், ஆறு மாதத்திலிருந்து கூடுதல் சத்துணவு பெற்ற பிள்ளைகள் கொஞ்சம் உயர்ந்தார்கள். பெரிய உயர்வு அல்ல, கொஞ்சம்தான். ஆனால் மாத்திரையும் சோப்பும் செய்யாததைச் சோறு கொஞ்சமாவது செய்தது.

ஆக, விஷயம் ஆறாம் மாதத்தில் இருக்கிறது. அதுவரை தாய்ப்பால் போதும். அதற்குப் பிறகு பாலோடுகூட நாளொன்றுக்கு 200 கலோரி வேண்டும், ஒன்பதாம் மாதத்திலிருந்து 300, ஒரு வயதுக்குமேல் 550 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பிள்ளையின் இரைப்பையோ கைப்பிடி அளவு. அதில் தெளிந்த கஞ்சியை ஊற்றினால் வயிறு நிரம்பும், கலோரி ஏறாது. இங்கே சாயில் தொட்ட பிஸ்கட்டும் வடாபாவின் பாவும் குழந்தை உணவாகிவிட்டன. சாயா குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்தும் உடம்பில் சரியாகச் சேராது. குழைந்த சோற்றில் பருப்பும் ஒரு கரண்டி எண்ணெயும், வசதிப்பட்டால் முட்டையும் பிசைந்து, சிறிது சிறிதாக நாளுக்கு மூன்று நான்கு வேளை ஊட்டினால்தான் அந்தக் கணக்கு நிறையும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 6 மாதம் முதல் 23 மாதம் வரையுள்ள இந்தியப் பிள்ளைகளில் போதுமான உணவு பெறுகிறவர்கள் நூற்றுக்கு 11 பேர்தான். அதே கணக்கெடுப்பில் 5 வயதுக்கு உட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 35-க்கு மேல். மகாராஷ்டிரத்திலும் அதே 35, தமிழ்நாட்டில் 25. இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகும் பூச்சியின்மேல் பழி போடுவது எப்படிப் பொருந்தும்?

தமிழ்நாட்டில் இதை ஒரு காலத்தில் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். சத்துணவுத் திட்டம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1980-ல், உலக வங்கிக் கடனுடன் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தை இன்று பலர் மறந்துவிட்டார்கள். ஊரில் 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் தராசில் நிறுத்தார்கள். எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்கு மட்டும் 90 நாள் தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்த்த சத்துருண்டை கொடுத்தார்கள். தேறியதும் நிறுத்தினார்கள். பூச்சி மருந்தும் அத்திட்டத்தில் இருந்தது, வைட்டமின் ஏ-யும் இருந்தது. ஆனால் அவை தராசுக்கும் உருண்டைக்கும் பின்னால்தான் நின்றன. அந்த வரிசை மாறியதுதான் இன்றைய கோளாறு.

வரிசை மாறியதற்குக் காரணம் பணம் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. மாத்திரைக்குச் சில ரூபாய், வருஷத்துக்கு இரண்டு நாள் வேலை. எத்தனை கோடிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம் என்று மறுநாளே அறிக்கை விடலாம். சோற்றுக்கு அப்படி முடியாது. அங்கன்வாடியில் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் தர வேண்டும் என்பது 2017-ல் இருந்த விதி. அதற்கு 2017-ல் நிர்ணயித்த தொகை நாளொன்றுக்கு 8 ரூபாய். 2025 மத்திய பட்ஜெட்டில்தான் அதை உயர்த்துவதாக அறிவித்தார்கள். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் முட்டை விலையும் பருப்பு விலையும் எங்கே போயின என்பதைக் குடும்பம் நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிழைக்க வந்த தமிழர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. ஒரே நாடு ஒரே ரேஷன் என்ற ஏற்பாட்டில் ஊர்க் கார்டைக் காட்டி இங்கே தானியம் வாங்க முடிகிறது. ஊர்க் கடையில் கிடைக்கும் துவரம்பருப்பும் பாமாயிலும் அந்தக் கார்டுக்கு இங்கே வராது. பிள்ளைக்கு வேண்டிய இரண்டும் அவைதான். அங்கன்வாடியில் பெயர் பதிய ரேஷன் கார்டு வேண்டும் என்று பலர் எண்ணிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். மூன்று வயது வரை வீட்டுக்கு எடுத்துப்போகும் சத்துமாவுப் பொட்டலம், மாதாந்திர எடை எல்லாம் இங்கே வசிக்கும் எந்தப் பிள்ளைக்கும் உரியவை. கோடை விடுமுறைக்கு ஊர் போய் மூன்று மாதம் தங்கினால் எடைக் கணக்கு அறுந்துபோகும் என்ற கவலையும் வேண்டாம். 2021-ல் வந்த போஷன் டிராக்கர் பதிவில் ஓர் ஊர் அங்கன்வாடியிலிருந்து இன்னோர் ஊருக்குப் பெயரை மாற்றிக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவே. எடை இரண்டு மாதம் ஏறாமல் நின்றால் மருந்துக் கடைக்குப் போகாமல் தராசு வைத்திருக்கும் இடத்துக்குப் போவது நல்லது. மிகவும் மெலிந்துவிட்ட பிள்ளைகளுக்காகத் தாராவியிலேயே, சோட்டா சயான் ஆஸ்பத்திரி என்று ஊரார் சொல்லும் இடத்தில், வேர்க்கடலையும் பால்பவுடரும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்து அரைத்த மசியலைக் கொடுத்துத் தேற்றும் பிரிவு நடந்துவந்திருக்கிறது. மருந்து என்ற பெயரில் அங்கே கொடுத்ததும் முக்கியமாகச் சோறுதான்.

இன்னொன்றை ஆண்கள் கவனிப்பதில்லை. மூன்று நான்கு வேளை ஊட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். ஊரில் ஆச்சி இருந்தார், அத்தை இருந்தார். இங்கே தாய் காலை ஏழு மணிக்கு மாட்டுங்காவில் நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனால் திரும்பப் பிற்பகல் ஆகிறது. 50 பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் நிறுவனம் பிள்ளைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். நாலு வீட்டில் வேலை செய்கிறவருக்கு அந்தச் சட்டம் எட்டாது. அங்கன்வாடியோடு சேர்த்துக் காப்பகம் நடத்தும் 'பால்னா' என்ற மத்தியத் திட்டம் ஏட்டில் இருக்கிறது. குடிசைப் பகுதிகளில் அது எத்தனை இடத்தில் திறந்திருக்கிறது என்று சங்கங்களும் மன்றங்களும் வார்டு ஆபீசில் மனுக் கொடுத்துக் கேட்கலாம். பொங்கல் விழாவுக்கு மைதானம் கேட்டு மனுக் கொடுக்கும் அதே ஆபீஸ்தான். அதுவரை, அங்கன்வாடி கதவு சாத்திய பிறகு தாய் வந்து சேரும் வரையில் பத்து மாதத்துப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது எட்டு வயது அக்காள். அவள் கையில் இருப்பது ஒரு பிஸ்கட் பாக்கெட்.